வளரி எறியக் கற்றுக்கொடுத்த சின்ன மருது

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு வித்தை சொல்லித் தந்தார். அதே சிப்பாய் படையோடு அவரைத் தேடி வந்தான்!

கண்டனூரிலிருந்து புறப்பட்டுக் காரைக்குடியைத் தாண்டித் தென்மேற்கே கல்லல் பக்கம் போனால், ஓர் ஊர் வரும். அதன் பெயர் அரண்மனை சிறுவயல்.

சின்ன ஊர்தான். ஆனால் பெயரிலேயே அரண்மனை இருக்கிறது.

அந்த அரண்மனையில் வாழ்ந்தவர் சின்ன மருது. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவர். தமிழ்நாட்டில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. ஆங்கிலேயரை எதிர்த்தார், தூக்கு மேடை ஏறினார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால் அவர் ஒரு வாத்தியாராகவும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் கற்றுக்கொடுத்தது எழுத்தும் கணக்கும் அல்ல. வேல் எறிவதும், வளரி வீசுவதும்!

அவரிடம் பாடம் கேட்ட மாணவர்களில் ஒருவன் வெள்ளைக்காரன். கும்பெனிப் படையைச் சேர்ந்தவன். சில ஆண்டுகள் கழித்து, அவனே துப்பாக்கி ஏந்திய படையுடன் தன் குருவைக் காட்டில் தேடி அலைந்தான்.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முக்குளத்துப் பிள்ளைகள்

நரிக்குடிக்குப் பக்கத்தில் முக்குளம் என்று ஓர் ஊர். இன்று அது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊரில் மொக்கைப் பழனியப்பனுக்கும் பொன்னாத்தாளுக்கும் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

மூத்தவர் பெரிய மருது. பிறந்தது 1748-ம் ஆண்டு. அவரை வெள்ளை மருது என்றும் அழைப்பார்கள். இளையவர் சின்ன மருது. பிறந்தது 1753-ம் ஆண்டு.

அப்போது சிவகங்கைச் சீமையின் மன்னர் முத்து வடுகநாதர். அவருடைய மனைவிதான் வீர மங்கை வேலு நாச்சியார்.

மருது சகோதரர்கள் இருவரும் மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். சாதாரண ஊழியர்களாகத்தான் சேர்ந்தார்கள். உடல் வலிமையாலும் விசுவாசத்தாலும் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றார்கள்.

1772-ம் ஆண்டு பெரும் இடி விழுந்தது.

ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டும் தகராறு முற்றியது. நவாபின் படையும், அவருக்குத் துணையாக வந்த ஆங்கிலக் கும்பெனியின் படையும் காளையார்கோவில் மீது பாய்ந்தன. ஜூன் 25-ந் தேதி நடந்த சண்டையில் முத்து வடுகநாதர் உயிர் இழந்தார்.

வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் தப்பினார். மருது சகோதரர்கள் கூடவே போனார்கள். திண்டுக்கல் பக்கத்தில் உள்ள விருப்பாட்சியில் கோபால நாயக்கர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். மைசூரை ஆண்ட ஐதர் அலியும் உதவினார்.

எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1780-ம் ஆண்டு திரும்பி வந்து சிவகங்கையை மீட்டார்கள்!

வேலு நாச்சியார் ராணி ஆனார். பெரிய மருது படைத் தலைவர் ஆனார். சின்ன மருது பிரதானி ஆனார். பிரதானி என்றால் மந்திரி.

ஊழியர்களாக வந்தவர்கள் சீமையின் தூண்களாக உயர்ந்துவிட்டார்கள்.

காவல் இல்லாத அரண்மனை

அண்ணனும் தம்பியும் ஒரே கொடியில் பூத்தவர்கள். ஆனால் குணம் வேறு.

பெரிய மருதுக்கு வேட்டை என்றால் உயிர். நல்ல உயரம், அசாத்திய பலம். ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். நாட்டு நிர்வாகத்தில் அவர் அதிகம் தலையிடவில்லை. காடுதான் அவருக்கு வீடு.

தஞ்சாவூர், திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் இருந்த வெள்ளைக்கார துரைமார்களுக்கும் அவர் வேண்டியவராக இருந்தார். வேட்டைக்குப் போக ஆசைப்பட்ட துரைகள் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

சின்ன மருதுதான் சீமையைக் கட்டி ஆண்டவர். கறுத்த நிறம். பருத்த உடல். சிரித்த முகம். இனிய பேச்சு.

சிறுவயலில் இருந்த அவருடைய அரண்மனை வாசலில் காவல்காரன் கிடையாது! யாரும் உள்ளே போகலாம். யாரும் வெளியே வரலாம். குறை உள்ளவன் நேரே போய்ச் சொல்லலாம். மக்கள் அவரைத் தகப்பனாக நினைத்து வாழ்த்தினார்கள்.

காளையார்கோவிலிலும் குன்றக்குடியிலும் மருது சகோதரர்கள் செய்த கோவில் திருப்பணிகள் இன்றும் பேசப்படுகின்றன. காளையார்கோவிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் பெரிய கோபுரம் அவர்கள் எழுப்பியதுதான்.

வந்தான் ஒரு சிப்பாய்

1795-ம் ஆண்டு வாக்கில் மதுரையில் கும்பெனியின் படை ஒன்று தங்கி இருந்தது. அதில் ஓர் இளம் அதிகாரி. பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். வயது இருபது.

அவன் சிவகங்கைச் சீமை வழியாகப் பயணம் செய்தபோது சின்ன மருதுவைப் பார்க்க நேர்ந்தது. வழிப்போக்கனாகத்தான் வந்தான். ஆனால் சின்ன மருதுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

அவன் மதுரையில் இருந்த காலம் முழுவதும் சிறுவயலிலிருந்து பரிசுகள் போய்க்கொண்டே இருந்தன. நயமான அரிசி போயிற்று. பழங்கள் போயின. சொரசொரப்பான தோல் கொண்ட பெரிய ஆரஞ்சுப் பழங்களும் போயின. அவ்வளவு இனிப்பான பழத்தை இந்தியாவில் வேறு எங்கும் தான் கண்டதில்லை என்று பிற்காலத்தில் வெல்ஷ் எழுதி வைத்தார்.

பழங்களோடு நட்பு நின்றுவிடவில்லை.

சின்ன மருது அவனுக்கு வேல் எறியக் கற்றுக்கொடுத்தார். பிறகு, வேறு தேசத்தில் அவன் பார்த்தறியாத ஓர் ஆயுதத்தை அவன் கையில் கொடுத்தார்.

அதுதான் வளரி!

வளரி என்றால் என்ன?

வளரிக்கு வளைதடி என்றும் பெயர் உண்டு. வளைந்த தடி என்பதே பொருள். பிறைச் சந்திரன் வடிவில் இருக்கும். நீளம் அதிகம் இல்லை. ஒரு கையால் எளிதில் தூக்கலாம்.

பார்ப்பதற்கு எளிய பொருள். ஆனால் அதைச் செய்வதற்குச் சில விதிகள் உண்டு. அவை கைப் பழக்கமாக வந்தன.

முதல் விதி: மரம் கெட்டியாக இருக்க வேண்டும். இழை நெருக்கமான, வைரம் பாய்ந்த மரம் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பழைய மரத் தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு, வைரம் பாய்ந்த மரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வளரி பறந்து போய் எலும்பிலும் மரத்திலும் மோதப் போகிறது. மிருதுவான மரம் ஒரே வீச்சில் பிளந்துவிடும். இரும்பிலும் வளரி செய்தது உண்டு.

இரண்டாவது விதி: ஒரு முனை கனமாக இருக்க வேண்டும், மறு முனை இலேசாக இருக்க வேண்டும். இலேசான முனை கைப்பிடி. கனமான முனை எதிரியைத் தாக்கும் முனை. சுத்தியலில் கைப்பிடி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விதி: வெளி வளைவின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பட்ட இடத்தையும் கிழிக்கும்.

வளைந்த கருவி செய்கிறவர்கள் உலகம் எங்கும் அறிந்த இன்னொரு சூட்சுமம் உண்டு. நேரான பலகையை அறுத்துப் பிறை செய்தால், வளைவில் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படும். அந்த இடத்தில் ஒடியும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையிலிருந்து செய்தால், இழையும் வளைந்தே ஓடும். பலம் குறையாது.

எறியும் முறை

வளரியை எறிகிறவன் இலேசான முனையைப் பிடிக்கிறான். தோளுக்கு மேலே சில தடவை சுழற்றுகிறான். வேகம் ஏறியதும் குறி பார்த்து விடுகிறான்.

கையை விட்டுப் புறப்பட்ட வளரி சுழன்றுகொண்டே பறக்கும். அந்தச் சுழற்சியில்தான் அதன் இரகசியம் இருக்கிறது.

பிள்ளைகள் விடும் பம்பரத்தைப் பாருங்கள். சுழலும்வரை நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி நின்றால் சாய்ந்துவிடுகிறது. வளரியும் அப்படித்தான். சுழன்றுகொண்டே போவதால் புரளாமல், தள்ளாடாமல், குறியை நோக்கிப் போகிறது. சுழலாத தடியை எறிந்தால் பாதி வழியில் தலைகீழாகிவிடும்.

சுழலும் தடி குறியில் படும்போது அடியும் பலமாக விழுகிறது. பறக்கும் வேகமும் சுழலும் வேகமும் சேர்ந்து கனமான முனையில் இறங்குகின்றன. முயல், காட்டுக்கோழி போன்ற வேட்டைகள் ஒரே அடியில் விழும். மனிதனும் விழுவான்.

வளரி எவ்வளவு தூரம் போகும்?

தேர்ந்த கையாக இருந்தால் 100 கெஜத்துக்கு உட்பட்ட எந்தத் தூரத்திலும் குறி தவறாது என்று வெல்ஷ் எழுதியிருக்கிறார். 100 கெஜம் என்பது 300 அடி. ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் என்று சொல்லலாம். செட்டிநாட்டில் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும் வீடுகள் உண்டு அல்லவா? அவற்றில் பெரும்பாலான வீடுகளின் நீளத்தைவிட இது அதிகம்!

அந்தக் காலத்துத் துப்பாக்கி 100 கெஜத்தில் ஒற்றை ஆளைக் குறி தவறாமல் சுடுவதே சந்தேகம். ஒரு தடவை சுட்டபின் மறுபடி மருந்து கிட்டிக்க வேண்டும். குண்டு போட வேண்டும். அதற்குள் வளரிக்காரன் இரண்டாவது வளரியைக் கையில் எடுத்துவிடுவான்.

வில்லும் வளரியும்

தூரம் எறிவதிலும் எய்வதிலும் மனிதனுக்கு எப்போதும் ஆசை உண்டு.

துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் ஓக்மெய்தான் என்று ஓர் இடம் இருக்கிறது. அம்பு மைதானம் என்று பொருள். அங்கே குறி பார்த்து எய்வது மட்டும் போட்டி அல்ல. யார் அம்பு அதிக தூரம் போகிறது என்பதும் போட்டி. அதிக தூரம் எய்தவர்களுக்காக அங்கே கல் நட்டார்கள்.

மேல்நாடுகளில் இந்தத் தூர வில் போட்டி இன்றும் நடக்கிறது. அதற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. தனி மரத்தால் செய்த வில் ஒரு பிரிவு. மரத்தோடு மாட்டுக் கொம்பும் நரம்பும் சேர்த்து ஒட்டிய வில் வேறு பிரிவு. இரண்டையும் ஒன்றாக மோதவிடுவதில்லை. ஏனென்றால் கொம்பும் நரம்பும் சேர்ந்த வில்லுக்குப் பாய்ச்சல் அதிகம். வில்லை இழுக்க எத்தனை ராத்தல் பலம் வேண்டும் என்றும் நிறுத்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள்.

வில்லுக்கு வேண்டிய மரம் வேறு. வளரிக்கு வேண்டிய மரம் வேறு. வில் வளைய வேண்டும். வளைந்தபின் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்ப வேண்டும். அந்தத் துள்ளல்தான் அம்பைத் தள்ளுகிறது. வளரி வளையவே கூடாது. அதற்குத் துள்ளலைக் கொடுப்பது எறிகிறவனின் தோளும் மணிக்கட்டும்தான். எறிகிறவனே வில், வளரியே அம்பு!

எறிதடி தமிழ்நாட்டில் மட்டும் இருந்ததல்ல. ஆஸ்திரேலியாவின் ஆதி மக்கள் பூமராங் எறிந்தார்கள். எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறையை 1922-ம் ஆண்டு கண்டுபிடித்தபோது, அதிலும் எறிதடிகள் இருந்தன.

பூமராங் எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இலேசாகச் செய்த, இறக்கை போல் செதுக்கிய ஒரு வகைதான் அப்படித் திரும்பும். வேட்டைக்கும் போருக்கும் செய்த கனமான எறிதடிகள் திரும்புவதில்லை. போர்க்களத்துக்கு அது வேண்டியதும் இல்லை. போன வளரி எதிரியிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.

அனுப்பிவை வளரியை!

வளரி போருக்கு மட்டும் உரியது அல்ல. குடும்பத்துக்கும் உரியது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கள்ளர் குடும்பங்களில் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வளைதடியை அனுப்பிப் பெண்ணை அழைத்துக்கொள்வதைப் பற்றிப் பழமொழியே உண்டு.

இன்று தாம்பூலத் தட்டு மாற்றுவது போல அன்று வளைதடி மாற்றினார்கள் என்றால், அந்த ஆயுதத்துக்கு இருந்த மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட ஆயுதத்தைத்தான் சின்ன மருது ஒரு வெள்ளைக்கார இளைஞனின் கையில் நம்பிக் கொடுத்தார். பிடிக்கும் விதத்தையும் வீசும் விதத்தையும் தாமே சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் கை நாளைக்குத் தமக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கும் என்று அப்போது அவர் நினைத்திருப்பாரா?

அடைக்கலம் கேட்டு வந்தவர்

1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

1801-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் கட்டினார். கும்பெனிப் படை அதைத் தாக்கியது. மே மாதம் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை சிறுவயலுக்கு வந்து சேர்ந்தார்.

அவரைப் பிடித்துக் கொடுத்திருந்தால் சின்ன மருதுக்கு ஆபத்து இல்லை. பதவியும் அரண்மனையும் நிலைத்திருக்கும்.

ஆனால் ஒரு காலத்தில் அவரும் அடைக்கலம் தேடி அலைந்தவர். விருப்பாட்சியில் கிடைத்த ஆதரவை அவர் மறக்கவில்லை. ஊமைத்துரையைக் காப்பாற்றினார்.

அத்தோடு நிற்கவில்லை. 1801-ம் ஆண்டு ஜூன் மாதம் திருச்சிக் கோட்டை வாசலிலும், ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. ஒட்டச் செய்தவர் சின்ன மருது. எந்தச் சாதியாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், எல்லோரும் ஒன்று சேர்ந்து ஐரோப்பியர்களை விரட்ட வேண்டும் என்று அது அழைத்தது.

தம் சீமைக்காக மட்டும் அவர் பேசவில்லை. நாடு முழுவதுக்கும் பேசினார். அதனால்தான் அந்த அறிக்கை சரித்திரத்தில் இடம் பெற்றது.

சொந்த வீட்டுக்கு வைத்த தீ

போர் மூண்டது. கர்னல் அக்னியூ தலைமையில் கும்பெனிப் படை சிறுவயலை நோக்கி வந்தது. அந்தப் படையில் ஜேம்ஸ் வெல்ஷும் இருந்தான்!

கண்டனூர்ப் பக்கத்து மக்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். வடக்கே சிறிது தூரம் போனால் புதுக்கோட்டைச் சீமை. அங்கே தொண்டைமான் மன்னர் ஆங்கிலேயர் பக்கம். தெற்கே மருது சகோதரர்களின் படை. எல்லை ஊர்களில் இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் உறவு; இரண்டு பக்கமும் பயம்.

ஜூலை மாதக் கடைசியில் படை நெருங்கியதும், சின்ன மருது ஒரு காரியம் செய்தார். சிறுவயலுக்குத் தாமே தீ வைத்தார்!

காவல் இல்லாமல் திறந்து கிடந்த அந்த அரண்மனை எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று எரித்துவிட்டார். பிறகு காளையார்கோவில் காட்டுக்குள் புகுந்தார்.

காடு அடர்ந்த காடு. முள்ளும் புதரும் கோட்டைச் சுவர் போல நின்றன. காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டு முன்னேறலாம் என்று அக்னியூ நினைத்தார். ஒரு மாதம் வெட்டினார்கள். வெட்ட வெட்ட நாலா பக்கத்திலிருந்தும் தாக்குதல் வந்தது. நோயும் வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அந்த முயற்சியைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது.

இந்தப் பாளையக்காரர் போர்களில் வளரி பெரும் பங்கு வகித்தது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

படையால் முடியாததை, கும்பெனி தந்திரத்தால் செய்தது. சிவகங்கை அரச குடும்பத்தின் உறவினரான கௌரி வல்லப உடையணத் தேவரை ஜமீன்தாராக அறிவித்தது. அரச வம்சத்தின்மேல் பற்றுக் கொண்ட பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். மருது சகோதரர்களின் படை கரைந்தது.

அக்டோபர் முதல் தேதி பல பக்கத்திலிருந்தும் தாக்கிக் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். சரண் அடையாவிட்டால் கோபுரத்தைப் பீரங்கியால் இடிப்போம் என்று மிரட்டியதாகவும், கோவிலைக் காப்பாற்றவே மருது சகோதரர்கள் தம்மை ஒப்புக்கொடுத்ததாகவும் மக்கள் சொல்வது உண்டு.

மாணவன் கண்ட காட்சி

வெல்ஷ் எழுதியிருப்பது வேறு. சின்ன மருது படுகாயம் அடைந்து, சாதாரணச் சேவகர்களால் பிடிக்கப்பட்டார் என்கிறார். தொடை எலும்பு முறிந்த நிலையில் சிறையில் கிடந்தார்.

நூறு கெஜத்துக்கு வளரி வீசிய மனிதர், எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார்.

1801-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகனும், அவரோடு நின்ற பலரும் உயிர் இழந்தார்கள். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி சிறுவன். அவனையும் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்டவர்களை 1802-ம் ஆண்டு பினாங்குத் தீவுக்குக் கப்பல் ஏற்றினார்கள்.

தூக்கு மரத்தில் தொங்கிய தன் குருவை வெல்ஷ் பார்த்தான்.

அந்தக் காட்சி அவனை விட்டுப் போகவில்லை. 1830-ம் ஆண்டு, கர்னலாக உயர்ந்தபின், தன் இராணுவ நினைவுகளை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அதில் சின்ன மருதுவைப் பற்றி மரியாதையோடு எழுதினார். திறந்த அரண்மனையைப் பற்றி எழுதினார். ஆரஞ்சுப் பழத்தைப் பற்றி எழுதினார். தமக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்று எழுதினார். அப்படிப்பட்ட நண்பரைக் காட்டு மிருகத்தைப் போல வேட்டையாட நேர்ந்ததையும் மறைக்காமல் எழுதினார்.

தோற்றவரின் பெருமையை வென்றவர் எழுதுவது அபூர்வம். சின்ன மருதுவின் குணத்துக்கு எதிரியின் கையெழுத்தே சாட்சி ஆயிற்று.

பூஜை அறைக்குப் போன ஆயுதம்

போர் முடிந்தது. 1801-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னைக் கவர்னர் ஓர் உத்தரவு போட்டார். தென்பாண்டிச் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது!

ஆயுதம் போனால் வித்தையும் போகும். தகப்பன் மகனுக்குச் சொல்லித் தர முடியாத வித்தை எத்தனை நாள் நிற்கும்?

நூறு ஆண்டுகள் கழித்துப் புதுக்கோட்டைச் சீமையில் விசாரித்தபோது, வளரி எறிவதில் தேர்ந்தவர்கள் கிடைக்கவில்லை. எப்போதாவது முயல் வேட்டைக்கு எடுத்துப் போகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. பழைய குடும்பங்களில் அது பூஜை அறையில் இருந்தது. ஆயுத பூஜை அன்று வெளியே எடுத்துச் சுத்தம் செய்வார்கள். பூஜை முடிந்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிடுவார்கள்.

தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த யானைத் தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலும் வளரி இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அதைக் காட்டலாம். ஒரு முனை பருத்து, மறு முனை சிறுத்து இருப்பதையும் பார்க்கச் சொல்லலாம். எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டால், இனி அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சில சிலம்பக் கூடங்களில் இப்போது மறுபடியும் வளரி எறியப் பழகுகிறார்கள். ஆனால் ஆசான் இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. அது விளையாட்டுச் சாமான் அல்ல.

1959-ம் ஆண்டு கவிஞர் கண்ணதாசன் சிவகங்கைச் சீமை என்ற படத்தை எடுத்து, மருது சகோதரர்களின் கதையைத் திரைக்குக் கொண்டு வந்தார். கண்ணதாசனும் இந்தப் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர்தான். 2004-ம் ஆண்டு மருது சகோதரர்களுக்கு அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் திருப்பத்தூரிலும் காளையார்கோவிலிலும் மக்கள் கூடி அவர்களுக்கு மாலை சூட்டுகிறார்கள்.

தாம் கற்ற வித்தையைச் சின்ன மருது ஒளித்து வைக்கவில்லை. அன்னியன் என்றும் பார்க்காமல் சொல்லித் தந்தார். வளரி எவ்வளவு தூரம் போகும் என்று இன்று நாம் தெரிந்துகொள்வது, அவர் அன்று கற்றுக்கொடுத்த அந்த ஒருவன் எழுதி வைத்ததால்தான்.